வீட்டிலிருந்தே வேலை: செந்தூலிலேயே இருப்பதா, பினாங்கு பக்கம் போவதா?

#1 செந்தூல்வாசி

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் நிறுவனம் ஒன்றுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பங்சார் சவுத்தில் எட்டுப் பேர் உட்காரும் சின்ன ஆபீஸ் ஒன்று இருந்தது. போன மாதத்தோடு மூடிவிட்டார்கள். வேலையும் சம்பளமும் அப்படியேதான், உட்காரும் இடம் மட்டும் இனி என் பாடு. நேரம் மாலை 4-லிருந்து இரவு 1 வரை. அங்கே குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றியதும் 5-லிருந்து 2.

இப்போது செந்தூலில் வாடகைக் கொண்டோ. எல்ஆர்டி, எம்ஆர்டி, கேடிஎம் என்று மூன்று ரயில்களும் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. 50 வெள்ளி (ரிங்கிட்) மாதப் பயண அட்டையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் வேலைக்குப் போய் வந்தேன். இனி தினமும் போக வேண்டிய இடம் என்று எனக்கு ஒன்றும் இல்லை. மனைவிக்கு ஊர் பட்டர்வொர்த், பினாங்கின் பெருநிலப் பக்கம். மாமியார் அங்கே தனியாக இருக்கிறார், வயது 71. தீபாவளிக்குப் போனபோது கையில் கட்டோடு வந்து கேட்டைத் திறந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து பத்து நாளாகியிருந்தது. எங்களிடம் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து மனைவிக்குச் சரியான தூக்கம் இல்லை.

அதனால் பினாங்கு பக்கம் போய்விடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தீவா, பெருநிலமா என்பதுகூட முடிவாகவில்லை. என் பயம் ஒன்றுதான். மாதக் கடைசியில் லைன் இரண்டு மணி நேரம் போய்விட்டால், முகம் தெரியாத பலருக்கு அன்று சம்பளம் ஏறாது. இணைய வேகப் பட்டியல்களைப் பார்த்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. அங்கே இருந்து வேலை பார்ப்பவர்கள் எதைப் பார்த்து ஊரை முடிவு செய்தீர்கள், சொல்லுங்களேன்.

#2 பாயான்பாருக்காரன்

வாங்கண்ணே. நான் தீவுக்கு வந்து ஏழு வருஷமாச்சு. அதுல நாலு வருஷம் முழுக்க வீட்டுலேர்ந்துதான் வேலை. முதல்ல நான் பட்டதைச் சொல்றேன்.

முதல் வீடு கடலைப் பார்த்த கொண்டோ, 17-வது மாடி. ஏஜெண்டு 'ஃபைபர் இருக்கு, 300 எம்பிபிஎஸ்'னு சொன்னாரு. நம்பி டெப்பாசிட் கட்டிட்டேன். லைன் போட வந்த பையன்தான் விஷயத்தைச் சொன்னான். கண்ணாடி இழை கீழ்த்தளத்து டெலிகாம் ரூம் வரைக்கும்தான் வருது. அங்கேர்ந்து வீடு வரைக்கும் பழைய டெலிபோன் தாமிரக் கம்பி. பழைய உயரக் கட்டடம் நிறையல இப்படித்தான் இருக்கு. மழை பெஞ்சா மோடம் விளக்கு சிவப்பாயிடும். அப்லோடு 10-ஐத் தாண்டாது. சரி, வேற கம்பெனி லைனை எடுக்கலாம்னா கட்டட மேனேஜ்மென்ட் உள்ள விடல. ஒரு வருஷம் அக்ரிமென்ட் போட்டாச்சு, விட்டுட்டு வரவும் முடியல. மீட்டிங்ல நான் பேசி முடிச்ச பிறகு என் குரல் போய்ச் சேரும். அந்த வருஷம் போனஸ் கிடைக்கல. லைன்தான் காரணம்னு மேனேஜரே சொன்னாரு. எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. வேலையில நான் ஒரு நாளும் குறை வச்சதில்ல.

அதனாலதான் சொல்றேன்ணே, ஊரை அப்புறம் பாருங்க, கட்டடத்தை முதல்ல பாருங்க. ஒரே ரோட்டுல எதிரெதிர் கட்டடம் இருக்கும். ஒண்ணுல இழை வீட்டு ஹால் வரைக்கும் வரும், இன்னொண்ணுல வராது. சுவத்துல கீழ ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கான்னு தேடுங்க. அதுலேர்ந்து மெல்லிசா ஒரு ஒயர் வந்து, முனையில பச்சை பிளக் இருந்தா அது இழை. டெலிபோன் பிளக்னா தாமிரம். அந்தக் கட்டடத்துல எத்தனை கம்பெனி லைன் இழுத்திருக்குன்னு ஜாகாக்காரர்கிட்ட கேளுங்க. லைன்காரங்களுக்குக் கேட் திறந்து விடுறவர் அவர்தான், ஏஜெண்டைவிட அவருக்கு நல்லாத் தெரியும்.

வீடு பார்க்க ராத்திரி 9 மணிக்குப் போங்க. பகல்ல எல்லா லைனும் வேகமாத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் படம் பார்க்கிற நேரத்துலதான் உண்மை தெரியும். வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும், அதனால டவுன்லோடு நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. லேப்டாப்பை ஒயர்ல செருகி, ஆபீஸ் சர்வருக்குப் பத்து நிமிஷம் பிங் ஓட விடுங்க, அதாவது சின்னச் சின்ன சோதனைப் பாக்கெட் அனுப்பி, திரும்பி வருதா, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. நூத்துக்கு ரெண்டு பாக்கெட் தொலைஞ்சாலே அந்த வீடு வேணாம்.

#3 கேபிள்தாத்தா

தம்பிக்கு, தொலைத்தொடர்பில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாயான்பாருத் தம்பி கட்டடத்துக்குள் நடப்பதைச் சொல்லிவிட்டார். வெளியே நடப்பதை நான் சொல்கிறேன்.

லண்டன் இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 10,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. போய்த் திரும்பவே 105 மில்லிநொடி ஆகிவிடும். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் அதைக் குறைக்க முடியாது. கேபிளோ நேராகப் போவதில்லை. இந்தியப் பெருங்கடல், செங்கடல், எகிப்து என்று வளைந்து போகிறது. அதனால் 160, 180 வந்தாலே நல்ல லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செந்தூலை விட்டு பட்டர்வொர்த் போனால் இதில் நான்கைந்து மில்லிநொடி கூடலாம். காதுக்கே தெரியாது. தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது அறுந்துபோவதற்கு. 2006 டிசம்பர் 26-ல் தைவான் கரையோரம் நிலநடுக்கம் வந்து ஒரே சமயத்தில் பல கேபிள்கள் அறுந்தன. பழுது பார்க்க வாரக்கணக்கானது. அந்த நாள்களில் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. 2024 பிப்ரவரியில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஐரோப்பாவுக்குப் போகும் தரவில் ஒரு பகுதியைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள். இப்படி ஒன்று நடந்தால் கோலாலம்பூரில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் ஒன்றுதான்.

பினாங்கைச் சிலர் கோடியில் கிடக்கும் ஊர் போலப் பேசுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. சென்னையிலிருந்து தந்திக் கேபிள் 1870-ஐ ஒட்டியே கடலுக்கடியில் பினாங்குக்கு வந்துவிட்டது. 1997-ல் ஃபிளாக் (FLAG) கேபிள், 2002-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரிஷியஸ், கொச்சி வழியாக வந்த சேஃப் கேபிள், 2016-ல் மும்பை, கொழும்பு, சென்னையைத் தொட்டு வந்த வங்காள விரிகுடா கேபிள், எல்லாம் கரையேறியது பினாங்கில்தான். ஆனாலும் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் தரவு பெரும்பாலும் கோலாலம்பூர் வந்துதான் பிரிந்து போகும். கரைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் வேகம் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டாவது லைன் கட்டாயம் வேண்டும். அதையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். நம் நாட்டு 5ஜி 2021 டிசம்பரில் தொடங்கியபோது டிஎன்பி என்ற ஒரே வலையமைப்புதான் இருந்தது, எல்லா நிறுவனங்களும் அதையே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. இரண்டாவது வலையமைப்புக்கு 2024 நவம்பரில்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே இரண்டு நிறுவனத்து சிம் வைத்திருந்தாலும் 5ஜி ஒரே கோபுரத்திலிருந்து வரக்கூடும். செல்காம், டிஜி என்ற இரண்டு கைபேசி நிறுவனங்களும்கூட 2022 கடைசியில் ஒன்றாகிவிட்டன. முன்பு அவை இரண்டையும் வைத்திருந்து தப்பித்தவர்கள் இன்று அப்படித் தப்பிக்க முடியாது. வீட்டு இழை ஒரு நிறுவனத்துடையது என்றால் கைபேசி வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். 5ஜியை அணைத்துவிட்டு 4ஜியிலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

#4 செந்தூல்வாசி

தாத்தா, மிக்க நன்றி. இரண்டு சிம்மும் ஒரே கோபுரத்திலிருந்து வரலாம் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

இங்கே எனக்கு வந்த தொந்தரவு மின்னல். சாயங்காலம் நாலரைக்கு இடி இடித்தால் அது சரியாக நான் வேலை தொடங்கும் நேரம். மே மாதம் ஒரே இடியில் மோடமும் ரவுட்டரும் சுட்டுப்போயின. மறுநாள் மதியம்தான் லைன் வந்தது. அன்று இரவு 1 மணி வரை ஒரு மமாக் கடையில் உட்கார்ந்து வேலை முடித்தேன். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிளக்கும் கொடுத்து தே தாரிக்கும் வைத்துவிட்டுப் போனார்.

#5 கேபிள்தாத்தா

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, தம்பி. உங்கள் மோடம் சுட்டது கரண்டு வழியாகத்தான் இருக்கும். மெயின் பெட்டியில் மின்னல் தடுப்பான் போட்டு, மோடத்தையும் ரவுட்டரையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள். அவை இரண்டும் தின்னும் மின்சாரம் மிகக் குறைவு, கரண்டு போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். லேப்டாப்புக்குத்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே.

#6 ஈப்போவிலிருந்து

தம்பி, நடுவில் ஈப்போ என்று ஓர் ஊர் இருக்கிறது, அதையும் ஒரு கண் பாருங்கள். நான் ஐந்து வருடமாகச் சென்னைக் குழு ஒன்றோடு வேலை பார்க்கிறேன். அவர்களுக்குக் காலை 9.30 என்றால் நமக்கு 12. காலையில் பாசார் போய், சமைத்து, அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும். இரவு 9 மணிக்கு முடிந்துவிடும். (1982 ஜனவரி 1-ல் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியிருக்காவிட்டால் இன்றும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம்தான் இருந்திருக்கும் என்று அப்பா சொல்வார்.)

உங்களுக்கு லண்டன் நேரம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இரவு 1 மணிக்கு முடித்து, 3 மணிக்குத் தூங்கி, காலையில் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது உடம்புக்கு ஆகாது. என் தோழி ஒருத்தி இரண்டு வருடம் அப்படி இருந்துவிட்டு வேலையையே விட்டாள். காலையில் மாமியாரை யார் பார்ப்பது, பிள்ளைகளை யார் பள்ளியில் விடுவது என்று மனைவியோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் எல்லாம் அந்தப் பெண் தலையில் விழும் போலத் தெரிகிறது.

ரயிலைப் பற்றி. இடிஎஸ் விரைவு ரயில் எங்கள் ஊருக்கு 2010-ல் வந்தது, வடக்கே பாடாங் பெசார் வரை 2015-ல் போனது. கோலாலம்பூருக்கு எனக்கு இரண்டரை மணி நேரம். பட்டர்வொர்த்திலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ரயிலில் மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள், வழியில் சிக்னல் போய்ப் போய் வரும். பெருநாள் டிக்கெட்டுக்கு விற்பனை தொடங்கும் அன்றே உட்கார வேண்டும்.

தீவு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பாலம். மாமியார் பட்டர்வொர்த்தில், நீங்கள் பாயான் லெப்பாஸில் என்றால் அவசரத்துக்கு 13.5 கிலோமீட்டர் பாலம் நடுவில் நிற்கும். தொழிற்பேட்டை விடும் நேரத்தில் அந்தப் பாலம் நகராது.

#7 பாயான்பாருக்காரன்

அக்கா சொல்றது சரிதான். நான் தீவுக்காரன்தான், ஆனா இந்த அண்ணன் விஷயத்துல பெருநிலத்துக்கே என் ஓட்டு. 2014-ல ரெண்டாவது பாலம் வந்தும் பழைய பாலத்துல ஜாம் இருக்கத்தான் இருக்கு. ஃபெரி 2023 ஆகஸ்ட்லேர்ந்து புதுப் படகு ஓடுது, ஜோர்ஜ் டவுனுக்கு நடந்து போறவங்களுக்கு நல்லது. எல்ஆர்டி வேலையை 2025-ல ஆரம்பிச்சிருக்காங்க, அது கடலைத் தாண்டி பட்டர்வொர்த் வரைக்கும் வரப்போகுது. அதை நம்பி இன்னைக்கு வீடு எடுக்காதீங்க, இன்னும் பல வருஷம் ஆகும். தண்ணித் தொட்டி இருக்கான்னும் பாருங்க. 2024 ஜனவரியில நாலு நாள் எங்களுக்கெல்லாம் தண்ணி இல்ல.

#8 நொய்யல்கரை

கோவையிலிருந்து எழுதுகிறேன், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பெர்லின் நிறுவனம் ஒன்றுக்கு இங்கிருந்தே வேலை செய்கிறேன். ஒரு வருடம் கோலாலம்பூரில் தங்கிப் பார்க்கலாம் என்று ஆசை. தமிழ் பேசிக்கொண்டே வெளிநாட்டில் இருக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விசா எப்படி?

#9 பிரிக்பீல்ட்ஸ்மாமா

நொய்யல்கரை தம்பி, வாங்க. உங்களுக்கு ஏற்றது டி ரந்தாவ் பாஸ், இணையவழி வேலை செய்யும் வெளிநாட்டவர் இங்கே தங்குவதற்கான அனுமதி. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். 3 முதல் 12 மாதம் தருவார்கள், இன்னொரு 12 மாதம் புதுப்பிக்கலாம். மென்பொருள் போன்ற டிஜிட்டல் வேலை என்றால் ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் காட்ட வேண்டும். மற்ற வேலைகளுக்கு 60,000. மனைவி மக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா இல்லாமல் வர முடிகிறது, ஆனால் அது சுற்றிப் பார்க்க வருவதற்கு. அதில் வந்து உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். ஓராண்டில் 182 நாள் தங்கினால் வரிக்கு இங்கே குடியிருப்பவர் கணக்கில் வந்துவிடுவீர்கள், கிளம்பும் முன் ஒரு கணக்காளரைப் பாருங்கள். 50 வெள்ளி மாத அட்டை குடிமக்களுக்கு மட்டும்தான். அதில் கேடிஎம் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று தம்பி, பெர்லினில் காலை 9 என்றால் உங்களுக்குக் கோவையில் பகல் 12.30 அல்லது 1.30. இங்கே வந்தால் 3 அல்லது 4. ஐரோப்பாவோடு வேலை செய்கிறவர் கிழக்கே வர வர இரவு நீளும். இரண்டரை மணி நேரம்தானே என்று தோன்றும், ஒரு வருடம் முழுக்க அது ஒவ்வொரு இரவுச் சாப்பாட்டிலும் தெரியும். அப்படியும் வருவதானால் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா என்று ரயிலடியாகப் பார்த்து எடுங்கள். திருச்சிக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்தில் ஊரில் இருப்பீர்கள். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் நேரடியாக விடத் தொடங்கினார்கள்.

#10 கிள்ளான்தோட்டத்துப்பிள்ளை

செந்தூல்வாசிக்கு, நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இன்று வேலை இருக்கிறது. ஆபீஸை ஒரு மாதத்தில் மூடியவர்கள் நாளை வேலையையும் மூடலாம். அப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தால் அடுத்த வாரமே பத்து இடத்தில் நேர்முகத்துக்குப் போகலாம். பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்? பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் வேலை உண்டு, பல வருடமாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் மின்னணுத் தொழிற்சாலை வேலை. கணக்கு மென்பொருளுக்கு அங்கே எத்தனை இடம்? இணையத்தை மட்டும் தொடர்பு என்று நினைக்காதீர்கள். ஆள் தொடர்பும் வேண்டும். நான் 2020-லிருந்து இரண்டு வருடம் தனியாக வீட்டிலிருந்து வேலை பார்த்து, கடைசியில் மனிதர்களோடு பேசவே கூச்சமாகிப் போனவன். மாமியாரைச் செந்தூலுக்குக் கூட்டி வர முடியாதா?

ஒரு தகவலும். நிறுவனம் இங்கே பதிவாகி உங்களுக்கு இந்த நாட்டு வேலை ஒப்பந்தம் இருந்தால், 2023 ஜனவரி 1-லிருந்து நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். வேலைச் சட்டத்தில் 60பி (60P), 60கியூ (60Q) பிரிவுகள். ஊர் மாறுவதையும் நேரத்தையும் அதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சை நம்பி வீடு மாற்றாதீர்கள்.

#11 செந்தூல்வாசி

கிள்ளான் நண்பரே, கோபம் எதற்கு? இரண்டு நாள் நான் தூங்காமல் யோசித்ததே உங்கள் பதிவைப் படித்துத்தான். மாமியாரைக் கேட்டோம். மாட்டேன் என்றுவிட்டார். நாற்பது வருடமாக அந்தத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார், கோயில் அங்கே, மாமா போட்ட மாமரம் அங்கே. பதினைந்தாவது மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை இடிஎஸ் பிடித்துப் போனேன். மூன்று இடம் பார்த்தேன். பாயான் பாருவில் ஒரு ஃபிளாட், தம்பி சொன்னபடி பச்சை பிளக், லைன் அருமை. ஆனால் திரும்பும்போது பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றேன், அக்கா சொன்னது அங்கேயே புரிந்துவிட்டது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மாடி வீடு, இழை உண்டு, கைபேசி சிக்னல் சமையலறையில் மட்டும் வருகிறது. மூன்றாவது மாமியார் வீடு. அங்கே பழைய டெலிபோன் லைன்தான் இருந்தது, அதனால்தான் அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வாசலில் நின்று தூணைப் பார்த்தால் கறுப்பாக ஒரு புதுப் பெட்டி. எதிர்வீட்டுப் பையனைக் கேட்டேன். அவர்களுக்குப் போன வருடமே இழை வந்துவிட்டதாம். இரவு 9 மணிக்கு அவர்கள் வீட்டு ஹாலில் என்னை உட்கார வைத்து, ரவுட்டரில் ஒயரைச் செருகிக் கொடுத்தார்கள். லண்டனுக்குப் பத்து நிமிடம் பிங், 600-ல் ஒன்றுகூடத் தொலையவில்லை. சராசரி 171. தாத்தா, உங்கள் கணக்கு அப்படியே வந்தது. 5ஜியை அணைத்துவிட்டு 4ஜியிலும் ஒரு வீடியோ கால் செய்து பார்த்தேன், நின்றது.

நான் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் ஒன்றும் பேசவில்லை. பின்னறையில் கிடந்த தையல் மெஷினைத் தள்ளி, மேசை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கையாலேயே.

ஈப்போ அக்கா, நீங்கள் சொன்னதை மனைவியிடம் காட்டினேன். அழுதுவிட்டாள். காலை ஏழிலிருந்து பத்து வரை என் முறை இல்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறோம், பத்துக்கு மேல் நாலு வரை மாமியாரும் ஆஸ்பத்திரியும் என் பொறுப்பு. காலை வேலையில் பாதியைப் பார்க்க ஓர் ஆள் தேடுகிறோம். லண்டன் மேனேஜரிடம் ஊர் மாறுவதற்கும் நேரத்துக்கும் எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும்தான் செந்தூல் வீட்டுக்கு நோட்டீஸ். கிள்ளான் நண்பரின் பயத்துக்கு இப்போதைக்கு என்னிடம் உள்ள பதில், ஆறு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக வைப்பதுதான். வாடகை மிச்சமாவதால் அது முடியும்.

பட்டர்வொர்த், பிறை பக்கம் மெயின் பெட்டியில் மின்னல் தடுப்பான் போடத் தெரிந்த நல்ல வயர்மேன் யாரையாவது தெரியுமா? வீடு பழையது, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

#12 பாயான்பாருக்காரன்

இருக்காருண்ணே. பிறையிலதான் வீடு, நம்மாளு. நம்பரைத் தனிச்செய்தியில அனுப்பியிருக்கேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடாதீங்க, கோயில் வேலைக்குப் போயிடுவாரு.